இருபத்திரண்டாவது அடி

சென்னைக்குத் தண்ணீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் 24 அடி. மழைக்காலத்தில் தண்ணீர் 22 அடியைத் தொட்டுவிட்டது என்று தொலைக்காட்சியில் செய்தி ஓடினால், அதன் உபரி நீர் இறங்கும் அடையாற்றின் கரையில் குடியிருப்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். 2020 நவம்பர் 25 அன்று, நிவர் புயல் கரையேறக் காத்திருந்த நண்பகலில், அந்த அளவு வந்ததும் மதகைத் திறந்தார்கள். முதலில் விநாடிக்கு 1,000 கன அடி, பிறகு படிப்படியாகக் கூட்டினார்கள். மேலே இருந்த இரண்டு அடி, வரப்போகும் வெள்ளம் தங்குவதற்கென்று காலியாக விடப்பட்ட இடம். அந்த இரண்டு அடியில் நிற்கக்கூடிய தண்ணீர் சென்னை முழுவதற்கும் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குப் போதும். மழைக்காலத்தில் பயந்து கடலுக்கு அனுப்புகிற அதே தண்ணீரை, மழை பொய்த்த வருடத்தின் கோடையில் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறோம்.

மாறிவரும் காலநிலையைத் தாங்கி நிற்கிற குடிநீர்த் திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி இன்று உலகத்தின் பெரிய நகரங்கள் எல்லாவற்றிலும் எழுந்திருக்கிறது. அதைச் சென்னையை வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 2015 முதல் 2023 வரையான எட்டே ஆண்டுகளில் இந்த நகரம் இரண்டு பெருவெள்ளங்களையும் இரண்டு கடும் வறட்சிகளையும் பார்த்துவிட்டது. பாடம் படிக்க இதைவிட வேறு இடம் தேட வேண்டியதில்லை. இதுவரை நாம் போட்ட திட்டங்கள் எல்லாம் “இன்னும் எவ்வளவு தண்ணீர் வேண்டும்?” என்ற கேள்வியிலிருந்து பிறந்தவை. இனி ஒவ்வொரு நீராதாரத்தையும் நிறுத்தி வைத்து, “நீ எப்போது கைவிடுவாய், எதனால் கைவிடுவாய்?” என்று கேட்டாக வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டு ஆதாரங்கள் ஒரே காரணத்தால் ஒரே கோடையில் வறண்டு போகுமானால், காகிதத்தில் அவை இரண்டாக இருக்கலாம், குடத்துக்கு அவை ஒன்றுதான்.

முதலில் கையிருப்பைக் கணக்குப் பார்க்கலாம். பூண்டி 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, 2020-இல் திறந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை 500. மொத்தம் 11,757. நகரத்துக்கு இன்று நாளொன்றுக்கு 100 கோடி லிட்டருக்கு மேல் தேவைப்படுகிறது. 100 கோடி என்றே வைத்துக்கொண்டு வகுத்தால், ஐந்து ஏரிகளும் விளிம்பு வரை நிரம்பியிருந்து ஒரு சொட்டுக்கூட ஆவியாகாமல் இருந்தாலும், 333 நாள். ஒரு வருடத்துக்கு ஒரு மாதம் குறைவு. ஆவியாகாமல் இருக்கப் போவதும் இல்லை. இவற்றில் பெரும்பாலானவை பாசனத்துக்காக அகலமாகவும் ஆழமில்லாமலும் அமைந்த பழைய ஏரிகள். கோடை வெயில் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை நமக்கு விடுகிறது.

சென்னைக்கு ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். குறைவான மழை என்று சொல்ல முடியாது. அதில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், அதிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய நாள்களில் கொட்டிவிடும். வங்கக் கடலில் உருவாகும் இரண்டு மூன்று காற்றழுத்தத் தாழ்வுகள் நெல்லூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ திரும்பிவிட்டால் அந்த வருடம் அவ்வளவுதான். ஒரு வருடத்துக்கும் குறைவான சேமிப்பை வைத்துக்கொண்டு, வருடத்துக்கு வருடம் இப்படித் தாறுமாறாக மாறும் மழையை நம்பி வாழ்கிற நகரம் இது. காலநிலை மாற்றம் என்ற சொல் வருவதற்கு முன்பே இருந்த பலவீனம். இப்போது அதன் மேல் பாரம் ஏறுகிறது.

இந்த அமைப்பு எப்படி வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டைக்கு ஏழு கிணறுகளிலிருந்து தண்ணீர் போன காலம் முடிந்து, 1872-இல் புழல் ஏரித் தண்ணீர் நகரத்துக்குள் வந்தது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளோடு நீரேற்று நிலையம் எழுந்தது. கொசத்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கத்துக்காக மேயராக இருந்தபோது போராடியவர் சத்தியமூர்த்தி. 1943-இல் அவர் மறைந்தார், 1944-இல் தேக்கம் முடிந்தது. தன் பெயர் தாங்கிய ஏரி நிரம்பியதை அவர் பார்க்கவில்லை. பிறகு கிருஷ்ணா நீர், பிறகு வீராணம், பிறகு கடல். ஒவ்வொரு தட்டுப்பாட்டுக்கும் ஒரு திட்டம் என்று அடுக்கிக்கொண்டே வந்திருக்கிறோம். ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய பஞ்சத்துக்குப் போட்ட பதில்.

பொறியாளர்கள் அணை கட்டும்போதும் வடிகால் போடும்போதும் கையில் வைத்திருப்பது கடந்த கால மழைக் குறிப்பு. ஐம்பது, நூறு வருடப் பதிவுகளைப் பார்த்து, இந்த அளவு வெள்ளம் 25 ஆண்டுக்கு ஒருமுறை வரும், அந்த அளவு 100 ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று கணிக்கிறார்கள். அதன்படி மதகின் அகலமும் கரையின் உயரமும் தீர்மானமாகும். நேற்றுப் பெய்த மாதிரியேதான் நாளையும் பெய்யும் என்ற நம்பிக்கை இந்தக் கணக்கின் அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கை இனிச் செல்லாது என்று 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் நீரியல் அறிஞர்கள் சிலர் வெளிப்படையாக எழுதினார்கள். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை எங்கே எப்போது இறக்கும் என்பதுதான் யாருக்கும் பிடிபடாத சங்கதி. மழை நாள்கள் குறைந்து, பெய்கிற நாளில் பேய்மழையாகக் கொட்டுவதையே அறிவியலும் நம் அனுபவமும் சேர்ந்து சொல்கின்றன. ஆக, ஒரே ஏரிக்கு அதிக வெள்ளத்துக்கும் அதிக வறட்சிக்கும் சேர்த்துத் திட்டம் போட வேண்டும்.

2015 நவம்பரில் மட்டும் சென்னையில் 1,049 மில்லிமீட்டர் பெய்தது. ஏரிகள் ஏறக்குறைய நிரம்பி நின்ற நேரத்தில் டிசம்பர் 1 அன்று மறுபடியும் கொட்டியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அன்றிரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் இறங்கியது. ஏரி முழுக் கொள்ளளவை எட்டாத நிலையில் அவ்வளவு திறந்திருக்க வேண்டியதில்லை என்று பின்னால் இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை குறை சொன்னது. கரை உடைந்திருந்தால் கதி என்ன என்று பொறியாளர்கள் தரப்பில் கேட்டார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வதைவிட, மதகின் சக்கரத்தில் கை வைத்தவர்களிடம் அந்த இரவில் என்ன இருந்தது என்று கேட்பது பயன்படும். மேலே எத்தனை ஏரிகள் வழிகின்றன, அடுத்த ஆறு மணி நேரத்தில் எவ்வளவு வரும், கீழே ஆறு எவ்வளவு கொள்ளும் என்பதை நேரடியாகக் காட்டும் கருவி அவர்கள் கையில் இல்லை. நவம்பரிலேயே மெல்ல இறக்கியிருந்தால் டிசம்பரில் இவ்வளவு திறக்க வேண்டியிருக்காது. நவம்பரில் இறக்கியிருந்து டிசம்பரில் மழை வராமல் போயிருந்தால்? அடுத்த கோடையில் அதே அதிகாரியைத்தான் திட்டியிருப்போம். இந்தச் சுமையை ஒரு தனி மனிதரின் துணிச்சலின் மேல் ஏற்றி வைப்பது அநியாயம். வானிலை முன்கணிப்பையும் மேல் ஏரிகளின் நிலவரத்தையும் சேர்த்து, எந்தத் தேதியில் எந்த அளவு என்று முன்கூட்டியே எழுதி, எல்லோரும் படிக்கிற இடத்தில் வைத்த ஒழுங்குமுறை வேண்டும். 2015-க்குப் பிறகு முன்னெச்சரிக்கை ஏற்பாடுகள் மேம்பட்டிருக்கின்றன. 2020-இல் 22 அடியிலேயே திறந்தது அதன் பலன்தான்.

அந்த டிசம்பரில் எங்கள் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு நாங்கள் முதலில் திறந்து பார்த்தது தரைக்கடியில் இருந்த சம்ப்பை. கறுப்பாக, எண்ணெய்ப் படலத்தோடு, சாக்கடை நாற்றம் மூக்கைத் துளைத்தது. தெரு முழுக்கத் தண்ணீர், குடிக்க ஒரு டம்ளர் இல்லை. வாளி வாளியாக இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, மறுபடி நிரப்பி, மறுபடி இறைத்து, அந்தத் தண்ணீரை வாயில் வைக்க எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. வெள்ளமும் குடிநீரும் தனித்தனிப் பிரச்சினை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த மூடியின் கீழிருந்து வந்த நாற்றம்தான் ஞாபகத்துக்கு வரும்.

அடுத்த வருடமே சக்கரம் சுழன்றது. 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 கோடையில் மாங்காடு அருகே சிக்கராயபுரத்துக் கைவிடப்பட்ட கல்குவாரிகளின் தண்ணீரைச் சுத்திகரித்துக் கொடுத்தார்கள். 2018-இல் சென்னையில் அந்தப் பருவமழை மறுபடி ஏறத்தாழ பாதிதான். 2019 ஜூனில் ஏரிகள் வெடித்த தரையாகக் கிடந்தன. விநியோகத்தை நாளொன்றுக்கு 83 கோடி லிட்டரிலிருந்து 52.5 கோடி லிட்டராகக் குறைத்தார்கள். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. வாழைமரம் கட்டி வரவேற்ற காட்சியைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிடத் துக்கமே மிஞ்சியது. ஒரு ரயில் கொண்டுவந்தது அன்றைய குறைக்கப்பட்ட விநியோகத்திலும் இருநூற்றில் ஒரு பங்கு.

இப்போது, எந்த ஆதாரம் எப்போது கைவிடும் என்ற அந்தக் கேள்விக்கு வருகிறேன். 2019-இல் நகரத்தைக் காப்பாற்றியது எது? கொடுத்த 52.5 கோடி லிட்டரில் பெரும்பகுதி கடலிலிருந்தும் வீராணத்திலிருந்தும் வந்தது. வீராணத்தின் தண்ணீர் காவிரித் தண்ணீர். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருவது. காவிரி நிரம்புவது குடகிலும் வயநாட்டிலும் பெய்கிற தென்மேற்குப் பருவமழையில். 2018-இல் தென்மேற்கு வெளுத்து வாங்கியது, மேட்டூர் நிரம்பியது. சில மாதங்களில் வடகிழக்கு கைவிட்டது. வெவ்வேறு பருவத்தை நம்பிய இரண்டு ஆதாரங்கள் இருந்ததால் ஒன்று படுத்தபோது மற்றொன்று நின்றது. ஜோலார்பேட்டை ரயிலில் வந்ததும் காவிரிக் கூட்டுக் குடிநீர்தான்.

2003–04-இல் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மழை பொய்த்து ஏரிகள் வறண்டிருந்தன. கிருஷ்ணா நீர் பேருக்கு வந்தது. காவிரியும் வறண்ட காலம், வீராணக் குழாய் அப்போதுதான் பதிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் குழாய் விநியோகமே நின்று, நகரம் லாரியில் ஓடியது. அந்த வறட்சியை ஆராய்ந்த வீணா ஸ்ரீனிவாசன் போன்றவர்களின் ஆய்வுகள் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டின. நகரத்தின் உண்மையான சேமக் கிடங்கு வீட்டுக் கிணறும் ஆழ்துளைக் கிணறும்தான். குழாய் நின்றபோது மக்கள் நிலத்தடிக்குப் போனார்கள். அதுவும் வற்றிய பிறகுதான் டேங்கர் வியாபாரம் தலைவிரித்து ஆடியது.

கிருஷ்ணா நீர் கணக்குப்படி நமக்கு அருமையான துணை. மகாபலேஷ்வரத்தில் பிறக்கும் ஆறு, தென்மேற்குப் பருவமழையை நம்பியது. நமக்கு வறட்சியாகும்போது அங்கே நிரம்பியிருக்க வாய்ப்புண்டு. 1976-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க ஒப்பின. 1983 உடன்படிக்கையின்படி வழி இழப்பு போக 12 டி.எம்.சி. எல்லையில் கிடைக்க வேண்டும். முதல் தண்ணீர் 1996-இல் பூண்டிக்கு வந்தது. ஆந்திரத்தின் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து எல்லையில் உள்ள ஊத்துக்கோட்டை ஜீரோ பாயின்ட் வரை 152 கிலோமீட்டர் திறந்த கால்வாய், அதன் இருபுறமும் தண்ணீருக்கு ஏங்கும் வயல்கள். பெரும்பாலான ஆண்டுகளில் 12 டி.எம்.சி. வந்து சேரவில்லை. இதில் ஆந்திர விவசாயியைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. தன் பயிர் கருகும்போது கண்ணெதிரே ஓடுகிற தண்ணீரில் கை வைக்காதவன் எந்த ஊரிலும் கிடையாது. மழையின் கணக்கில் தனித்து நிற்கிற ஆதாரம் அரசியலின் கணக்கில் நம்மோடு சேர்ந்தே விழுகிறது என்பதைத்தான் திட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கடல்நீரைக் குடிநீராக்குவது மழையை நம்பாதது. 2010-இல் காட்டுப்பள்ளியில் 10 கோடி லிட்டர் ஆலை, 2013-இல் நெம்மேலியில் இன்னொரு 10 கோடி, 2024-இல் அதன் பக்கத்திலேயே 15 கோடி. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலையின் வேலை 2023-இல் தொடங்கியது. வறட்சிக்கு இதைவிட உறுதியான காப்பு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், 2019-இல் கண்ணால் பார்த்தோம். ஆனாலும் கேள்வியைக் கேட்டாக வேண்டும். இது எப்போது கைவிடும்? ஆயிரம் லிட்டருக்கு மூன்றரை யூனிட் மின்சாரம் என்று வைத்தால், 35 கோடி லிட்டருக்கு நாள்தோறும் 12 லட்சம் யூனிட்டுக்கு மேல் வேண்டும். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருமானால், எந்த வெப்பத்துக்குப் பயந்து ஆலை கட்டினோமோ அதையே ஊதிப் பெருக்குகிறோம். ஆலைகள் எல்லாம் ஒரே கடற்கரையில், புயல் வருகிற பாதையிலேயே நிற்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அதற்கு வடக்கே எட்டும் தூரத்தில்தான் காட்டுப்பள்ளி. புயலும், எண்ணெயும், மின்தடையும் ஒரே வாரத்தில் சேர்ந்து வரும் என்பதை அந்த வாரம் காட்டிவிட்டது. உப்புச்செறிவு கூடிய கழிவைக் கடலில் விடுவதைப் பற்றியும் கரை அரிப்பைப் பற்றியும் நெம்மேலிப் பக்கத்து மீனவர்கள் சொல்வதைத் திட்ட அறிக்கையின் பின்னிணைப்பில் தள்ளிவிடக் கூடாது. வருடம் முழுவதும் முழு வீச்சில் ஓட்டி நகரத்தின் முதல் ஆதாரமாக்குவதை விட, ஏரி இறங்கும்போது ஏற்றிக்கொள்ளும் இன்ஷூரன்ஸாகக் கடலை வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஆலைக்குக் கட்ட வேண்டிய தொகை கணிசமானது என்பதால் ஒப்பந்தம் போடும்போதே இதை எழுத வேண்டும்.

எந்த வருடமும் பொய்க்காத ஆதாரம் ஒன்று நம் காலடியிலேயே ஓடுகிறது. வறட்சியிலும் மனிதர்கள் குளிப்பார்கள், துவைப்பார்கள். மணலித் தொழிற்சாலைகள் 1990-களிலிருந்தே கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்திவருகின்றன. இந்தியாவில் இதில் முன்னோடி சென்னை என்பதைப் பெருமையாகவே சொல்லலாம். 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் அளவுக்கு மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. அந்தத் தண்ணீர் தொழிற்சாலைகளுக்குப் போவதால் அதே அளவு ஏரித் தண்ணீர் குடத்துக்கு மிச்சமாகிறது. நமீபியாவின் விண்டூக் நகரம் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரோடு கலந்து கொடுக்கிறது. சிங்கப்பூர் 2003-இல் ‘நியூவாட்டர்’ என்று பெயர் வைத்து, மக்களை ஆலைக்குள் அழைத்துப் போய்க் காட்டி, அருவருப்பைப் போக்கியது. நம் ஊரில் நேரடியாகக் குழாயில் விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சுத்திகரித்து ஏரியில் விட்டு, அங்கே கலந்து, மறுபடி சுத்திகரித்து எடுக்கலாம். அதற்கு முதலில் சாக்கடைக் குழாய்க்கு வெளியே கூவத்திலும் பக்கிங்காம் கால்வாயிலும் போய்ச் சேர்கிற கழிவை நிறுத்த வேண்டும். தரத்தைப் பற்றி மக்களுக்குத் தினமும் எண்ணோடு சொல்ல வேண்டும். நம்பிக்கை இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல தண்ணீரும் கேன் தண்ணீரிடம் தோற்றுப் போகும்.

நிலத்தடி நீர் வேறு கதை. அது மெல்ல நிரம்பும், மெல்லக் குறையும். அந்த மெதுவே அதன் பலம். ஏரி ஒரு வருடத்துக்குத்தான் தாங்கும், நிலத்தடி இரண்டு மூன்று வருடத்தை இணைக்கும். ஆனால் மீஞ்சூர்ப் பக்கம் ஆரணியாறு–கொசத்தலை வடிநிலத்தில் நகரத்துக்காகவும் தொழிலுக்காகவும் இறைத்த இறைப்பில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஒருமுறை உப்பேறினால் திரும்ப நன்னீராகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். கடல்மட்டம் உயர உயர அந்த அழுத்தம் கூடும். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது தமிழ்நாட்டின் துணிச்சலான காரியங்களில் ஒன்று. இன்று எத்தனை வீட்டில் அந்த ஊறல் குழியின் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறோம்? கருங்கல் ஜல்லி சேற்றில் இறுகி, குழாய் முனையில் இலை அடைத்துக் கிடக்கும். கட்டட அனுமதிக்குக் காட்டிவிட்டு மறந்த குழிகள் அவை. ஏரிக்கு ஆண்டுதோறும் தூர் வாருவதும் வரத்துக் கால்வாயைத் திருத்துவதும் ஊரின் வேலை என்று இருந்த குடிமராமத்துப் பழக்கம், குழி அளவில் தெருவுக்குத் திரும்பினால் நன்றாயிருக்கும். செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

வரத்துக் கால்வாயைச் சொல்லும்போது பள்ளிக்கரணையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தென்சென்னையின் ஏரிகள் வழிந்து வந்து தங்கிய சதுப்பு அது. பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்த இடம் குப்பைமேடும் கட்டடமும் சாலையும் போக ஒரு சிறு பங்காகச் சுருங்கியது. மிச்சத்துக்கு 2022-இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. வெள்ளத்தைத் தாங்கி நிலத்தடிக்கு இறக்கிய அந்த வேலையைச் செய்ய, இன்று கோடிகளைக் கொட்டிக் கான்கிரீட் வடிகால் போடுகிறோம். வடிகால் வேண்டாம் என்பது என் வாதமில்லை. ஆனால் மாநகராட்சி வடிகால் போட்டு மழையைக் கடலுக்கு விரட்டுகிறது, குடிநீர் வாரியம் அந்தக் கடலிலிருந்து மின்சாரம் செலவழித்துத் தண்ணீரை எடுக்கிறது, ஏரிகளை நீர்வளத் துறை வைத்திருக்கிறது. மூன்றுக்கும் தனித்தனி வரவுசெலவு, தனித்தனிப் பொறியாளர்கள். செம்பரம்பாக்கத்தில் காலியாக விட்ட அந்த இரண்டு அடியின் செலவு எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்ல முடியாது.

ஆதாரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் குழாயையும் மோட்டாரையும் மறந்தால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்கள் பார்த்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஒரு வருடம் முழுக்க அங்கே பெய்கிற மழையைவிட அதிகம். தாமிரபரணிப் படுகையில் உறைகிணறுகளும் நீரேற்று நிலையங்களும் வைத்து நடக்கிற கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. கரைபுரண்டு ஓடிய ஆற்றின் ஓரத்து ஊர்களில் நாள்கணக்கில் குடிநீர் இல்லை. பல இடங்களில் இதற்குத் தீர்வு பெரிய திட்டமே அல்ல. மின்பலகையைத் தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு ஏற்றி வைப்பது, வெள்ளம் ஏறாத மேட்டில் ஜெனரேட்டரை நிறுத்துவது, ஒரு திட்டத்தின் குழாயை அடுத்த திட்டத்தின் குழாயோடு இணைக்க ஒரு வால்வு வைப்பது. திறப்பு விழாவுக்கு லாயக்கில்லாத வேலைகள் என்பதால்தான் இவை தள்ளிப் போகின்றன என்று தோன்றுகிறது.

எப்போது என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பதில் இரண்டு ஊர்கள் நமக்கு வழிகாட்டுகின்றன. லண்டனைக் கடல்வெள்ளத்திலிருந்து காக்க 2012-இல் ஏற்ற தேம்ஸ் முகத்துவாரத் திட்டம், எதிர்காலம் இப்படித்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டவில்லை. கடல்மட்டம் இந்த அளவைத் தொட்டால் இந்த வழி, அதற்கு மேல் போனால் அந்த வழி என்று கிளை பிரித்து வைத்திருக்கிறது. கேப் டவுன் 2018-இல் ஒருவருக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று வரையறுத்து, அந்த ஆண்டோடு முடிந்த மூன்று வருடத்தில் நகரத்தின் பயன்பாட்டைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்து, குழாய் மூடும் நாளைத் தள்ளிப் போட்டது. சென்னைக்கு இது இன்னும் எளிதாக இருக்க வேண்டும். டிசம்பர் முடிந்தால் நம் மழைக்காலம் முடிந்தது. ஜனவரி 1 அன்று ஏரிகளில் இருப்பதைப் பார்த்தால் ஜூன் எப்படியிருக்கும் என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் கணக்குப் போட்டுவிடும். 2019-இலும் அந்தக் கணக்கு ஜனவரியிலேயே தெரிந்திருந்தது. இருப்பு இந்த அளவுக்குக் கீழே இருந்தால் ஜனவரியிலேயே தொழிற்சாலைகளுக்கு ஏரி நீர் நிறுத்தம், கடல்நீர் ஆலைகள் முழு வீச்சு, பிப்ரவரியில் கட்டுப்பாடு என்று அரசாணையாக எழுதிவைத்தால், ரயிலுக்கு ஆரத்தி எடுக்க வேண்டியிருக்காது.

கட்டுப்பாடு என்று சொல்லும்போது யாருக்கு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கேப் டவுனில் வீட்டுக்கு வீடு மீட்டர் உண்டு. இங்கே பெரும்பாலான வீடுகளில் இல்லை. யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று தெரியாத ஊரில் அழுத்தத்தைக் குறைப்பதுதான் ஒரே கட்டுப்பாடு. அழுத்தம் குறைந்தால் சம்ப்பும் மோட்டாரும் உள்ளவன் உறிஞ்சிக்கொள்வான், தெருமுனை அடிபம்பில் நிற்பவளுக்கு வெறும் காற்று வரும். குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் விரிசல் வழியாகச் சாக்கடையும் உள்ளே இழுபடும். நாளைக்கு 30 லிட்டரில் குடும்பம் நடத்துபவளிடம் சிக்கனத்தைப் போதிப்பது கொடுமை. அடுக்குமாடிகளுக்காக லாரிகள் உறிஞ்சுகிற திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துக் கிணறுகளும் யாரோ ஒருவரின் நெல்லுக்கான தண்ணீர். வறட்சிக் காலத்துக்கென்று ஒரு குறைந்தபட்ச அளவைச் சட்டத்தில் எழுதி, அதை எல்லோருக்கும் கொடுத்த பிறகே மற்றவர்களுக்கு மிச்சம் என்று வைத்தால்தான் தாங்குதிறன் என்ற சொல்லுக்கு அந்த அடிபம்பு முனையிலும் அர்த்தம் இருக்கும்.

2019 ஜூனில் எங்கள் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை லாரி வந்தது. லாரி வருவதற்கு முந்தைய இரவே குடங்கள் வரிசையில் நின்றுவிடும். பச்சை, நீலம், ஆரஞ்சு. அடையாளத்துக்காகக் கழுத்தில் கட்டிய துணிக்கிழிசல்கள். வரிசையில் கடைசிக் குடம் பெரும்பாலும் வீட்டுவேலை முடித்துத் தாமதமாக வரும் ஒரு அம்மாவுடையதாக இருக்கும். லாரித் தொட்டியில் எவ்வளவு வந்தது என்று ஓட்டுநரிடம் கேட்டால் ஒன்பதாயிரம் லிட்டர் என்பார். அந்த அம்மாவின் குடத்துக்கு வரும்போது ஹோஸ் தொங்கிப் போய், நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருக்கும். அவர் குடத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அது நிற்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார்.